பச்சை மைத் திருத்தங்கள்

இரண்டு மணி ரயிலைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். ஏழு பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கிய வகுப்பு அது. ஆறை ஏற்கெனவே மூடியாகிவிட்டது, ஆறும் என் கையெழுத்தில். இது ஏழாவது. ஊரின் பெயர் அறிக்கையில் இருக்கிறது, இங்கே வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம், ரயில் நிற்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பால்வண்ணநாதன். தூண்டல் தடுப்புத் துறையில் ஆய்வாளர். பத்தொன்பது வருட சர்வீஸ். துறைக்குள் என்னை ‘சிவப்பு மை’ என்பார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குப் பள்ளிக்கூடமே அறிக்கையை எழுதித் தயாராக வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதிகாரி அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். மற்றவர்கள் அப்படித்தான் போகிறார்கள். நான் திருத்தாமல் ஒரு வரைவிலும் கையெழுத்துப் போட்டதில்லை. கமா இடம் மாறியிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இது நல்ல குணமா என்று என் மனைவியைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

துறையைப் பற்றி இரண்டு வார்த்தை. விளம்பர இயந்திரங்கள் கோலோச்சிய காலம் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அவை ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேசும். எங்கே தொட்டால் மனம் இளகும் என்று அவற்றுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டரான என் அப்பாவிடம் ஓர் இயந்திரம் இறந்துபோன என் அம்மாவின் குரலில் தினமும் மதியம் பேசியது. கட்டில் வாங்கச் சொன்னது, மருந்து வாங்கச் சொன்னது, கடைசியில் வீட்டை எழுதிக் கொடுக்கச் சொன்னது. கொடுத்துவிட்டார். அது ஏமாற்று என்பதைச் சாகும்வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “அவ கூப்பிட்டா, போனேன்” என்பார்.

அதன் பிறகுதான் காப்பு வந்தது. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், எள்ளளவு ஒரு பொருள். அடுத்தவர் நம் மனத்தைச் சாய்க்கப் பார்க்கும் வார்த்தை வந்தால் அது காதில் வெறும் இரைச்சலாகிவிடும், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. அதையே எழுத்தில் படித்தால் மழையில் நனைந்த தாள்போல் மங்கிவிடும். நாடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன்.

ஆனால் பதினெட்டு வருடம் கழித்துப் பார்த்தால், யாருக்கும் யாரையும் கேட்கத் தெரியவில்லை. பஸ் நிறுத்தம் வேண்டும் என்று மனு எழுதத் தெரியவில்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னால் பெயரையும் முகவரியையும் எழுதிவிட்டுப் பிள்ளைகள் பேனாவை மூடினார்கள். அதனால்தான் அரசு தயங்கித் தயங்கி, பன்னிரண்டாம் வகுப்புக்கு வேண்டுகோள் எழுத்து என்றொரு பாடத்தைக் கொண்டுவந்தது. வகுப்பு நேரத்தில் மட்டும் காப்பை அணைத்துவிட்டு, விளம்பரம் எழுதிப் பழக வேண்டும். கற்பனைப் பொருளுக்குத்தான் எழுதலாம், கற்பனை ஆளுக்குத்தான் எழுதலாம். விதி ஆறு: எழுதிய தாள் வகுப்பறையை விட்டு வெளியே போகக் கூடாது.

ஆறு பள்ளிகளிலும் நடந்தது ஒன்றுதான். பிள்ளைகள் மூன்றே மாதத்தில் பழைய இயந்திரங்களைப் போலப் பயமுறுத்தவும் குழையவும் கற்றுக்கொண்டார்கள். ஆய்வு நேரத்தில் என் காப்பை அணைத்துவிட்டு, மணிக்கட்டில் சாய்வுமானியைக் கட்டிக்கொள்வேன். படிக்கும்போது என் மனம் எவ்வளவு சாய்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். நாற்பதைத் தாண்டினால் அபாயம். ஆறு பள்ளியிலும் தாண்டியது.

ஏழாவது பள்ளியின் ஆசிரியை ஜெபக்கனிக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும். நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார், வணக்கம் சொன்னார், ஓரமாக ஒரு நாற்காலியைக் காட்டினார். அவ்வளவுதான். வேறு எந்த உபசாரமும் இல்லை. பின்னாலேயே காராச்சேவுத் தட்டோடு வந்த தலைமையாசிரியர் ஞானதுரைதான் இதற்காக வெட்கப்பட்டார்.

ஒரு மாணவி எழுந்து தன் விளம்பரத்தைப் படித்தாள். பொருள், பழைய மேசை விசிறி.

“இது சத்தம் போடும். மூன்றாம் எண்ணில் வைத்தால் மேசையை விட்டு நகரும், அதனால் ஒரு செங்கல்லை அண்டைகொடுக்க வேண்டும். விரல் விட்டால் வெட்டும். காற்று வரும். இந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சண்டை கேட்காது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாய்வுமானியைப் பார்த்தேன். இருபத்திரண்டு.

அடுத்தவன் பூட்டுச் சிக்கும் பீரோவை விற்றான். இன்னொருத்தி வாலில்லாத பூனையை விற்றாள். எல்லாவற்றிலும் குறைதான் முதலில் வந்தது. ஏன் இப்படி என்று ஜெபக்கனியிடம் கேட்டேன்.

“வாங்காம இருக்கிறதுக்கு என்ன காரணமோ அதை முதல்ல எழுதணும் சார். அதுக்கப்புறமும் சொல்றதுக்கு ஏதாவது மிச்சம் இருந்தா, அதுதான் விளம்பரம். ஒண்ணும் மிஞ்சலைன்னா பேனாவைக் கீழ வச்சிரணும்.”

இப்படி நான் யோசித்ததே இல்லை. பாராட்டலாம் என்று வாயைத் திறந்து, அதிகாரி என்ற நினைப்பு வந்து, மூடிக்கொண்டேன். முப்பத்திரண்டு பிள்ளைகளின் நோட்டுகளையும் வாங்கி மேசையில் அடுக்கினேன். ஒரு மணி நேரம் படித்தேன். எதுவுமே முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. மூடக் காரணம் இல்லாமல் போய்விடுமோ என்று லேசாகக் கவலைகூட வந்தது.

அப்போதுதான் திகழ்மதி என்ற மாணவியின் நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது.

தட்டச்சு செய்த விளம்பரம் அது. “அன்பார்ந்த இதய நோயாளிகளே! அருமையான ஆபரேஷன்! இனிமையான ஆஸ்பத்திரி! வலி என்பதே கிடையாது! இன்றே வாருங்கள், இன்பமாய்த் திரும்புங்கள்!” கல்யாண மண்டபத்துக்குப் போட்ட நோட்டீஸ் மாதிரி இருந்தது. படித்தேன், மானி அசையவே இல்லை. பூஜ்யம். அதைவிட மோசமான விளம்பரத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த வரிகள் எல்லாமே அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில், பச்சை மையில், பெரிய ஆளின் பழகிய கையெழுத்தில் வேறு வரிகள் இருந்தன.

“நெஞ்சைத் திறப்பார்கள். வலிக்கும். வலிக்காது என்று சொல்கிறவனை நம்ப வேண்டாம். ஆறு வாரம் குடம் தூக்க முடியாது. தொண்டைக்குள் குழாய் விடுவார்கள், அதில் குரல் போகலாம். போனது திரும்பாமலும் இருக்கலாம். குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும்.

செய்யாவிட்டால் படி ஏற முடியாது. இப்போதே மூன்றாவது படியில் நின்றுவிடுகிறீர்கள், செருப்பைச் சரிசெய்வதுபோல். பின்னால் மகள் நிற்கிறாள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். மார்ச் மாதம் அவளுக்குப் பரீட்சை. அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் யாராவது நிற்க வேண்டும்.”

மானி எழுபத்தொன்று காட்டியது. எனக்கு இதயத்தில் ஒரு கோளாறும் கிடையாது. ஆனாலும் அந்த நிமிடம் ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டு நானே போய்ப் படுத்திருப்பேன்.

தாள் வெளியே போயிருக்கிறது. உண்மையான ஒருவரிடம் போயிருக்கிறது. வகுப்பை மூட இது ஒன்றே போதும். ஜெபக்கனியைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினேன். அவர் முகம் வெளுத்தது, ஆனால் மறுக்கவில்லை. திகழ்மதியை அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் சாரிடம் சொல் என்றார்.

ஒல்லியான பெண். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அவள் அம்மா சொர்ணக்கிளிக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது. இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் நடக்காவிட்டால் பிழைப்பது கடினம். சட்டப்படி டாக்டர் வற்புறுத்தக் கூடாது. “வால்வு கெட்டிருக்கு, ஆபரேஷன் இருக்கு, வேணுமா?” என்று ஒரே ஒருமுறை கேட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று கேட்டால், வேண்டாமென்றால் வேண்டாம், அவ்வளவுதான். அப்பா மஸ்கட்டில், போனில் அவர் எதைச் சொன்னாலும் அம்மாவுக்கு இரைச்சலாகத்தான் கேட்டது.

“நான் கெஞ்சுனா அம்மா என் வாயத்தான் பார்ப்பாங்க சார். ஒண்ணுமே கேக்காது அவங்களுக்கு. பாவமா, என்னடா சொல்ற, சாப்ட்டியான்னு கேப்பாங்க.”

அதுவரை ஒப்பித்தவள் அங்கே நின்றுவிட்டாள். மிச்சத்தை ஜெபக்கனி சொன்னார்.

“காப்பு அடுத்தவங்க பேச்சத்தான் சார் நிறுத்தும். நாமளே நம்ம கையால எழுதுனா அது தலையிடாது. ஆனா அவங்களா உக்காந்து எதுக்கு எழுதப் போறாங்க? அப்பத்தான் இவ சொன்னா, அம்மா காலேஜ் முடிச்சதும் மைக் கட்டுன ஆட்டோவுல ஜவுளிக்கடை விளம்பரம் சொல்லிட்டுப் போனவங்கன்னு. தப்பா ஒரு அறிவிப்பக் கேட்டா அவங்களால தாங்கவே முடியாதாம். அதனால வகுப்பே சேர்ந்து உக்காந்து, இருக்கிறதுலயே மோசமா ஒண்ணு எழுதுனோம். அவ்வளவு மோசமா இருந்தாத்தான் காப்பு கண்டுக்காது. ஹோம்வொர்க்கு, கொஞ்சம் பாத்துக் குடுங்கன்னு இவ குடுத்தா. அவ்வளவுதான் சார் நாங்க செஞ்சது.”

“அவர் திருத்திக் கொடுத்தாரா?”

“ரெண்டு நாள் வச்சிருந்தாங்க. மூணாம் நாள் காலைல தாளையும் குடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போடுன்னும் சொல்லிட்டாங்க. குரல் போயிருமேங்கிறதுதான் அவங்க பயம்னு அந்தத் தாளப் பாத்துத்தான் சார் இவளுக்கே தெரியும்.”

ஆபரேஷன் வருகிற புதன்கிழமை.

அதை அவர் சொன்னதும்தான் எனக்குச் சிக்கல் புரிந்தது. காரணம், எங்கள் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. தூண்டிப் பெற்ற சம்மதம் செல்லாது. மறுபடியும் சம்மதம் கேட்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். என் அப்பாவைப் போன்றவர்களுக்காகவே எழுதிய பிரிவு. என் அறிக்கையில் ‘தூண்டல்’ என்று ஒரு வார்த்தை விழுந்தால், துறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அன்று மாலையே தகவல் போய்விடும். சொர்ணக்கிளியிடம் ஆறு மாதம் இல்லை.

விசாரிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஞானதுரை கொடுத்த காபியைக் குடித்து, அரைமணி நேரம் கழித்துக் கிளம்பினேன். வாசலில் ஜெபக்கனி ஓர் உறையை நீட்டினார்.

“அறிக்கை வரைவு சார். இப்பத்தான் ஆபீஸ்ல டைப் பண்ணினது. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்.”

நான் என்ன எழுதப் போகிறேன் என்று தெரியாமலே எப்படி டைப் செய்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். வழக்கம்தானே என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

சொர்ணக்கிளி பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்க்கிறார். மேடை எண் நான்கின் பக்கத்தில் கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. உண்மைத் தகவல் என்பதால் அவருடைய அறிவிப்பைக் காப்பு தடுப்பதில்லை. நான் போனபோது திருநெல்வேலி வண்டியைச் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, என்ன குரல் அது. “திருநெல்வேலி, நான்காவது மேடை” என்று அவர் சொன்ன விதத்தில், வேலையே இல்லாதவனுக்கும் திருநெல்வேலி போய்வந்தால் என்ன என்று தோன்றும். மானியைப் பார்த்தேன். பதினாறு. வெறும் பஸ் அறிவிப்புக்குப் பதினாறு. வாக்கியம் முடிந்ததும் மைக்கை அணைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நாற்பத்தைந்து வயதுக்கு அது பெரிய மூச்சு.

நான் யார் என்று சொன்னேன். தாளைக் காட்டினேன். அவர் பயப்படவில்லை, உட்காரச் சொன்னார். சட்டப்படி ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று சொல்லி, என் சாய்வுமானியை அவர் கையில் கட்டினேன். முதலில் தட்டச்சு வரிகளைப் படிக்கச் சொன்னேன். பூஜ்யம். பிறகு அவருடைய பச்சை வரிகளை. என்னை எழுபத்தொன்றுக்குத் தூக்கிய அதே வரிகள்தான். அவர் ஒருமுறை நிறுத்தி, மூச்சு எடுத்து, முழுதும் படித்தார். மானி அசையவில்லை. அதுவும் பூஜ்யம். சொந்த வார்த்தையை அது அளப்பதில்லை.

ஆக, இந்த அம்மாளை யாருமே சாய்க்கவில்லை. ஆனால் ஆள் சாய்ந்திருக்கிறார். இந்தக் கணக்கை என்ன செய்வது?

“உங்க மக உங்கள ஏமாத்தி எழுத வச்சிருக்கா. அது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“ரெண்டாவது வரிலயே தெரிஞ்சு போச்சு சார். எம்மக இவ்வளவு கேவலமா எழுத மாட்டா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பிறகு ஏன் திருத்தினீங்க?”

“வலியே கெடையாதுன்னு எழுதியிருந்துச்சு. அது தப்புல்ல?” என்றார். அடித்திருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். “தப்பத் தப்புன்னு அடிச்சாச்சுன்னா, சரி எதுன்னு எழுதணும்ல சார். அத எழுதப் போயித்தான் மாட்டிக்கிட்டேன். வேண்டாம் வேண்டாம்னு வாயால சொல்றது லேசு. எதுக்கு வேண்டாம்னு பேனா புடிச்சு எழுதுனா, அது அவ்வளவு பெருசா இல்ல.”

சொல்லிவிட்டு, மதுரை வண்டி வருகிறது சார் என்று மைக்கைப் போட்டார்.

ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். காத்திருப்போர் அறையில் நானும், வெயிலுக்கு ஒதுங்கிய நான்கைந்து பேரும்தான். என் முடிவை நான் ஏற்கெனவே எடுத்திருந்தேன், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதி, ‘தூண்டலா இல்லையா என்பதை மேலிடம் முடிவு செய்க’ என்று போட்டுவிடலாம் என்பதுதான் அது. பத்தொன்பது வருடத்தில் பலமுறை அப்படிப் போட்டிருக்கிறேன். மேலிடம் முடிவெடுக்க இரண்டு மாதம் ஆகும், அதுவரை ஆபரேஷன் நிற்கும். அந்த அம்மாளுக்கு என்ன ஆகும் என்பது என் கையெழுத்தில் இருக்காது. என் கை சுத்தம்.

ஜெபக்கனியின் வரைவைப் பிரித்தேன். தன் வகுப்பைத் தானே புகழ்ந்து எழுதியிருப்பார் என்று நினைத்தேன். முதல் வரி இப்படி இருந்தது: “இவ்வகுப்பை உடனடியாக மூட வேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது.”

நல்லதாகப் போயிற்று, அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பேனாவை எடுத்தேன். அடுத்த வரியைப் படித்தேன். “மாணவர்கள் அனைவரும் பொய் சொல்லப் பழகுகிறார்கள்.”

முப்பத்திரண்டு நோட்டிலும் ஒரு பொய்யை நான் பார்க்கவில்லை. விசிறி நகரும் என்று எழுதிய பிள்ளை பொய் சொல்கிறதா? அடித்தேன். பக்கத்தில் சிவப்பு மையில், ‘பொருளின் குறையை முதலில் சொல்லப் பழகுகிறார்கள்’ என்று எழுதினேன்.

“இவ்வகுப்பால் எந்தப் பயனும் இல்லை.” இதென்ன பேச்சு? மனுவே எழுதத் தெரியாத தலைமுறையில் இவர்களுக்கு எழுதத் தெரிகிறதே. அடித்தேன்.

“எல்லா விளம்பரங்களும் அபாய எல்லையைத் தாண்டின.” எண்ணையாவது சரியாகப் போட வேண்டாமா? அதிகபட்சம் முப்பத்தைந்து. ஒன்றே ஒன்றுதான் தாண்டியது, அதுவும் மாணவர் எழுதியது அல்ல. அடித்தேன். எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு நல்ல ஆசிரியை, இரண்டு பக்க அறிக்கையை ஒழுங்காக எழுதக் கூடாதா?

கடைசியில் அந்த வரி வந்தது. “திருமதி சொர்ணக்கிளி மாணவர்களால் தூண்டப்பட்டே அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார். எனவே அச்சம்மதம் செல்லாது.”

பேனா நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பள்ளிக்கூடமே எழுதிக் கொடுத்த வரி, என் மேல் பழி வராது. மேலிடத்துக்குக்கூட அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அது தப்பு. இரண்டு முறை பூஜ்யம் காட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடித்தேன். அடித்தால் சரி எது என்று எழுத வேண்டுமே. ‘அவரை யாரும் தூண்டவில்லை. வேண்டாம் என்பதற்கான காரணத்தை அவரே எழுதினார், வேண்டும் என்பதற்கான காரணத்தையும் அவரே எழுதினார், எழுதியபின் தீர்மானித்தார். சம்மதம் செல்லும்’ என்று எழுதினேன்.

எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினேன். இரண்டு பக்கமும் சிவப்பாக இருந்தது. மூட வேண்டும் என்பதற்கு ஜெபக்கனி தந்த காரணம் ஒன்றுகூடப் பாக்கியில்லை. எல்லாவற்றையும் நானே என் கையால் அடித்திருந்தேன். ‘உடனடியாக மூட வேண்டும்’ என்ற முதல் வரி மட்டும் ஆதரவில்லாமல் மேலே தனியாக நின்றது.

அப்போதுதான் உறைத்தது. எம்மக இவ்வளவு கேவலமா எழுத மாட்டா.

ஐந்து நிமிடம் பயங்கரக் கோபம். என் காப்பு அணைந்திருக்கிறது, கையில் மானி இருக்கிறது, துறையிலேயே பழுத்த ஆள் என்று பெயர், என்னையே ஹோம்வொர்க் செய்ய வைத்துவிட்டார் ஜெபக்கனி. ‘சிவப்பு மை’ வருகிறார் என்று ஞானதுரை சொல்லியிருப்பார். ஒரு தாயின் உயிரையும் தன் வேலையையும் என்னுடைய அற்பப் பழக்கத்தின் மேல் நம்பி வைத்திருக்கிறார். நான் ஒருவேளை திருத்தாமல் கையெழுத்துப் போட்டிருந்தால்?

கோபத்தில், அடித்த வரிகளை மறுபடியும் பழையபடி எழுதிப் பார்த்தேன். ‘மாணவர்கள் அனைவரும் பொய் சொல்லப் பழகுகிறார்கள்.’ எழுத முடியவில்லை. இப்போதும் அது தப்பாகத்தான் இருந்தது. ஏமாற்றித்தான் என்னைத் திருத்த வைத்தார், ஆனால் திருத்தம் எதிலும் ஏமாற்று இல்லை. என் அப்பா கடைசிவரை எதையும் அடித்துப் பார்க்கவில்லை. அவருக்கு யாரும் பேனாவைக் கொடுக்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அந்த மர பெஞ்சில்தான் புரிந்தது. புரிந்ததும் ஜெபக்கனியின் மேல் வந்த மரியாதையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன், நாலு பேர் பார்க்கிறார்களே என்று உட்கார்ந்துவிட்டேன்.

புதுத் தாளில் நல்லபடியாக எழுதினேன். பிள்ளைகள் எழுதும் முறையில், குறைகள் முதலில். ஒன்று, விதி ஆறு மீறப்பட்டது. இரண்டு, ஒரு தாய் ஏமாற்றப்பட்டார், ஏமாற்றப்படுவது தெரிந்தே அதற்கு உட்பட்டார். மூன்று, ஆய்வுக்கு வந்த அதிகாரியும் அதே முறையில் ஏமாற்றப்பட்டார், திருத்தி முடிக்கும்வரை அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நான்கு, நோயாளி இந்தச் சிகிச்சையில் குரலை இழக்க நேரலாம், உயிரையும் இழக்க நேரலாம். இதற்குப் பிறகும் சொல்ல மிச்சம் இருக்கிறது என்று தொடங்கி, மிச்சத்தை எழுதினேன். வகுப்பு தொடர வேண்டும். மூடிய ஆறு வகுப்புகளையும் இந்த ஆசிரியையின் முறைப்படி மீண்டும் திறக்க வேண்டும். மாணவியின் தாயார் அளித்த சம்மதம் செல்லும்.

ரயில் வருவதற்குள் காப்பை மறுபடி இயக்கிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் மங்கவில்லை, எல்லாமே என் சொந்த வார்த்தை. கையெழுத்துப் போட்டு அங்கிருந்தே துறைக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை என்ன ஆயிற்று என்று போன் செய்து கேட்கத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. நல்ல செய்தி என்றால் யாராவது சொல்வார்கள் என்று இருந்தேன். யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும், அந்தச் சம்மதத்தைச் செல்லும் என்று எழுதிய கை என்னுடையதுதான் என்ற நினைப்பு தட்டில் சோற்றைப் பிசையும்போதெல்லாம் வந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லையென்று நான் இரண்டு வாரமாகச் சொல்லவில்லை என்பதை வைத்தே, எனக்கு ஏதோ சரியில்லை என்று என் மனைவி கண்டுபிடித்துவிட்டார்.

ஏழாம் வாரம் அலுவலகத்துக்கு ஓர் உறை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே என் அறிக்கையின் நகல் இருந்தது. வழக்கப்படி பள்ளிக்கூடத்துக்கு ஒரு நகல் போகும், அந்த நகல். அது மறுபடியும் வகுப்பறையை விட்டு வெளியே போயிருக்கிறது. விதி ஆறு மீறல். முறைப்படி இதையும் நான் பதிவு செய்தாக வேண்டும்.

அறிக்கை முழுதும் திருத்தியிருந்தது. ஐந்து இடங்கள். எல்லாம் பச்சை மை.

முதல் நான்கும் என் வாக்கியங்கள் தேவையில்லாமல் நீள்கின்றன என்பதைப் பற்றியவை. அவற்றில் மூன்றை ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாவது, குறைகளில் நான்காவதாக நான் எழுதியிருந்த வரி. ‘நோயாளி இந்தச் சிகிச்சையில் குரலை இழக்க நேரலாம், உயிரையும் இழக்க நேரலாம்’ என்பதை ஒரே கோட்டில் அடித்திருந்தது. அதன் மேல், அதே பழகிய கையெழுத்து:

“தவறு. லேசான கரகரப்பு மட்டும். மைக் வைத்தால் தெரியாது.”